யார் நடந்தால் என்ன பெயர்

ஷெஃபீல்டு,
புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

  கடிதத்தில் நீங்கள் கேட்டிருந்த காரியம் சின்னதுதான். நடப்பதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொற்களை எல்லாம் அர்த்தத்தோடு ஒரு பட்டியலாக எழுதி அனுப்பு, டியூஷன் பிள்ளைகளுக்கு உதவும் என்றீர்கள். பட்டியல் போடுவதில் கஷ்டமே இல்லை; அகராதியைத் திறந்தால் ஸ்ட்ரோல், சான்ட்டர், ஆம்பிள், ராம்பிள், ரோம், வாண்டர், ஸ்ட்ரைட், ஸ்ட்ரட், ஸ்வாகர், மின்ஸ், ட்ரட்ஜ், ப்ளாட், ட்ரெய்ப்ஸ், ஷஃபில், ஸ்லிங்க், ஸ்கல்க், ப்ரௌல், லாய்ட்டர் என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அர்த்தம் எழுதும் இடத்தில்தான் தகராறு. ஸ்ட்ரோல் என்றால் அவசரமில்லாமல் நடப்பது என்கிறது அகராதி. லாய்ட்டர் என்றாலும் அவசரமில்லாமல், அங்கங்கே நின்று நடப்பதுதான். இரண்டிலும் கால் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்று. ஆனால் முதலாவதைச் செய்கிறவருக்குப் போலீஸ்காரர் குட் மார்னிங் சொல்வார். இரண்டாவதைச் செய்கிறவரிடம் பெயரும் விலாசமும் கேட்பார். இங்கிலாந்தில் நடையைச் சொல்லும் சொற்களில் பல, காலைப் பற்றியவையே அல்ல என்பது என் கட்சி. நடக்கிறவன் யார், அந்த நேரத்தில் அவனுக்கு அங்கே என்ன ஜோலி, அவன் மிதிக்கும் மண் யாருடையது என்ற மூன்றையும் விசாரித்து, வேலிக்கு உள்ளே நிற்கிறவன் எழுதிவைத்த தீர்ப்புகள் அவை.

தீர்ப்பு என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1547 இல், ஆறாம் எட்வர்டு என்ற சிறுவன் ராஜாவாக இருந்தபோது, வேலையில்லாமல் ஊர் ஊராகத் திரிகிறவனைப் பிடித்து, மார்பில் ‘வி’ என்ற எழுத்தைச் சூடுபோட்டு, இரண்டு வருஷம் ஒருவருக்கு அடிமையாக ஒப்படைக்கலாம் என்று சட்டம் போட்டார்கள். அவர்களுக்கே அது அதிகமாகப் பட்டதோ என்னவோ, சீக்கிரமே ரத்து செய்துவிட்டார்கள். 1572 இல், எலிசபெத் ராணி காலத்தில் வந்த சட்டம் சூட்டுக்கோலால் காதில் துளை போட்டது. அந்தச் சட்டம் போக்கிரிகள் என்று வரிசைப்படுத்தியவர்களில் ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறவர்களும் உண்டு. யாராவது ஒரு பிரபுவின் ஆட்கள் என்று சொல்லிக்கொள்ள முடிந்தால்தான் தப்பலாம். ஷேக்ஸ்பியர் இருந்த கம்பெனி ‘லார்ட் சேம்பர்லேனின் ஆட்கள்’ என்று பெயர் வைத்துக்கொண்டதற்கு இதுதான் பின்னணி. பிரபு கிடைக்காத கூத்தாடிகள் ஸ்ட்ரோலிங் ப்ளேயர்ஸ். அந்தக் காலத்தில் ஸ்ட்ரோலர் என்றால் நாடோடி, பிச்சைக்காரன், கான்ஸ்டபிள் தேடுகிற ஆள். பின்னால் வசதியுள்ளவர்கள் பூங்காக்களில் சும்மா நடக்க ஆரம்பித்ததும் அதே சொல் குளித்து முழுகிச் சட்டை மாற்றிக்கொண்டு கனவான் ஆகிவிட்டது. அமெரிக்காவில் இன்று ஸ்ட்ரோலர் என்றால் கைக்குழந்தையை உட்காரவைத்துத் தள்ளும் வண்டி. எலிசபெத் ராணி யாருக்குக் காதில் துளை போட்டாளோ அவன் பெயரில் இப்போது ஆறு மாதக் குழந்தை விரல் சூப்பிக்கொண்டு பவனி போகிறது. நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால் அதற்கும் காது குத்தியிருப்போம். அது வேறு விஷயம்.

நெப்போலியனோடு நடந்த சண்டை 1815 இல் முடிந்ததும் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள் வேலை தேடி ரோடு ரோடாக அலைந்தார்கள். நாட்டைக் காப்பாற்றியவர்களுக்கு நாடு செய்த பதில் மரியாதைகளில் ஒன்று 1824 இன் வேக்ரன்ஸி ஆக்ட், அதாவது நாடோடிச் சட்டம். பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் திரிந்து, மாட்டுத் தொழுவத்திலோ வைக்கோல் கொட்டகையிலோ படுத்தால் குற்றம். சந்தேகத்துக்குரிய ஆள் கெட்ட எண்ணத்தோடு தெருவில் நடமாடினாலும் குற்றம். எண்ணம் கெட்டது என்று யார் கண்டுபிடிப்பது? பார்க்கிற போலீஸ்காரர்தான். நம்மூர் ஸ்டேஷனில் ‘சந்தேகக் கேஸ்’ என்பார்களே, பழைய 109 ஆம் பிரிவு, அதற்கு இது பெரியப்பா. 1970களில் லண்டன் போலீஸ் இந்தப் பிரிவைக் கறுப்பின இளைஞர்கள்மேல் எடுத்து வீசியது. ‘சஸ்’ என்று சுருக்கமாகப் பெயர்பெற்ற அந்தச் சட்டப் பிரிவு, எதிர்ப்பு வலுத்து, பிரிக்ஸ்டன் பகுதி கலவரத்தில் பற்றி எரிந்த அதே 1981 இல்தான் நீக்கப்பட்டது. திருடாதவனைத் திருடப் போகிறவன் என்று பிடிக்க, அவன் நடந்த விதம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. வெள்ளைக்காரன் இந்தச் சரக்கைக் கப்பலில் ஏற்றி நம் பக்கமும் கொண்டுவந்தான். வேடிக்கை என்னவென்றால் தன் ஆள்மேலேயே அதைப் பிரயோகித்தான். இந்தியாவில் 1874 இல் ஐரோப்பிய வேக்ரன்ஸி ஆக்ட் என்று ஒன்று வந்தது. வேலைவெட்டி இல்லாமல், கிழிந்த கால்சட்டையோடு ஊர் சுற்றும் ஏழை வெள்ளைக்காரனைப் பிடித்து விடுதியில் அடைக்கவும், சர்க்கார் செலவில் கப்பலேற்றி அனுப்பவும் வழி செய்த சட்டம். துரை குதிரையில் வரலாம், பல்லக்கில் வரலாம். பிச்சைப் பாத்திரத்தோடு நடந்து வந்தால் துரைத்தனத்தின் மானம் போய்விடும்.

மண் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் இருக்கும் ஊரை ஒட்டி மேற்கே பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மேட்டுப் பிரதேசம். மரமில்லாத, ஹெதர் புதர் மண்டிய நிலம். கௌதாரிக்கு உறவான க்ரௌஸ் என்ற பறவை அதில் வாழ்கிறது. ஆகஸ்ட் 12 ஆம் தேதி அதைச் சுடும் பருவம் தொடங்கும். அதுவரை பறவை நிம்மதியாகக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பதால் மனிதன் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. இந்தப் பகுதியில் ரட்லண்டு டியூக்கின் வேட்டை நிலத்துக்குக் குறுக்கே ஒரு பொதுச் சாலை போயிற்று. ஹாரிசன் என்பவர் அந்தச் சாலையில் நின்றுகொண்டு, பறவைகள் வரும் நேரம் பார்த்துக் குடையை விரித்து மூடி, விரித்து மூடி அவற்றை விரட்டினார். டியூக்கின் ஆட்கள் அவரைத் தரையோடு அமுக்கிப் பிடித்தார்கள். கேஸ் 1893 இல் மேல் கோர்ட் வரை போயிற்று. பொதுச் சாலை என்றால் போக வர மட்டும்தான். குடைவித்தை காட்டினால் அந்த நொடியே நீ அத்துமீறி நுழைந்தவன் என்று தீர்ப்பு. அடுத்து 1900 இல் இன்னொரு ரத்தினம். குதிரைப் பந்தயத் துப்பு எழுதும் மெய்சி என்பவர், பயிற்சிக் குதிரைகள் ஓடுவதைப் பார்ப்பதற்காக ஹிக்மன் என்பவரின் நிலத்தின் ஊடே போன சாலையில் பதினைந்து கஜ தூரத்துக்குள் ஒன்றரை மணி நேரம் அங்குமிங்கும் நடந்தார். கையில் தூரக்கண்ணாடி, குறிப்புப் புத்தகம். நடந்துகொண்டுதானே இருந்தேன், சாலை நடக்கத்தானே என்றார். அது நடை அல்ல என்றார்கள் ஜட்ஜுகள். கல்யாண மண்டபத்து வாசலில் சம்பந்திக்காகக் காத்திருக்கும் நம்மவர் எவரையும் உள்ளே தள்ளப் போதுமான தீர்ப்பு அது. 1999 இல்தான், மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், பிரபுக்கள் சபை நீதிபதிகள் மனம் இளகி, பிறருக்கு இடைஞ்சல் இல்லாத நியாயமான எந்தக் காரியத்துக்கும் சாலையில் நிற்கலாம் என்றார்கள்.

ராம்பிள் என்ற சொல்லின் கதையும் இதே மேட்டில்தான் நடந்தது. ஷெஃபீல்டின் இரும்பு, எஃகுப் பட்டறைகளிலும் மான்செஸ்டர் பஞ்சாலைகளிலும் வாரம் முழுக்கப் புகை குடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சுத்தக் காற்றுக்காக மலையேற விரும்பினார்கள். 1900 இல் இந்த ஊரில் கிளாரியன் ராம்பிளர்ஸ் என்று தொழிலாளர்களின் நடைக் கழகம் ஒன்று தொடங்கியது. நடக்க ஆளிருந்தது, நடக்க நிலமில்லை. ‘அத்துமீறுவோர்மேல் வழக்குத் தொடரப்படும்’ என்று எங்கு பார்த்தாலும் பலகை. அந்தப் பலகையில் எழுதியிருந்ததே பொய். அத்துமீறல் இங்கே சிவில் தகராறு, குற்றமல்ல, ஆகவே போலீஸ் கேஸ் போட முடியாது. மரத்தில் எழுதிய பொய் என்று அதைக் கேலி செய்வார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் என்ற இருபது வயதுப் பையன் தலைமையில் நானூறு பேர் போல ஹேஃபீல்டிலிருந்து கிண்டர் ஸ்கௌட் மேட்டுக்கு வேண்டுமென்றே ஏறினார்கள். வேட்டைக் காவலர்களோடு தள்ளுமுள்ளு. நடந்ததற்காகச் சிறையில் போட முடியாதே. கலகம் செய்ய ஒன்றுகூடியது போன்ற குற்றங்களைச் சாட்டி ஐந்து பேருக்கு இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை கொடுத்தார்கள். ராத்மனுக்கு நாலு மாதம். இதில் எனக்குப் பிடித்த பகுதி பிற்பாடு நடந்தது. அதிகாரபூர்வமான ராம்பிளர் சங்கங்கள் அன்று இந்தப் பையன்களைக் கண்டித்தன. பெரிய மனிதர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது காரியத்தைக் கெடுத்தார்களாம். 1949 இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951 இல் முதல் தேசியப் பூங்காவாக அதே பீக் டிஸ்ட்ரிக்ட், 2000 இல் மேட்டு நிலங்களில் தாராளமாக நடக்கும் உரிமை என்று ஒவ்வொன்றாக வந்தபின் எல்லோருமே அந்தப் பையன்களின் வாரிசுகள் ஆகிவிட்டார்கள். 2002 இல், எழுபதாம் ஆண்டு விழாவில், டெவன்ஷயர் டியூக்கே வந்து தன் தாத்தா காலத்து நடத்தைக்காக மன்னிப்புக் கேட்டார். இன்று ராம்பிளர் என்றால் ஓய்வுபெற்ற கணக்காசிரியர், மழைச்சட்டை, ஃப்ளாஸ்கில் டீ.

காசு இருந்தால் நடைக்கு வேறு பெயர் என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். 1782 இல் கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ் என்ற ஜெர்மன் எழுத்தாளர், மில்டன் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு இங்கிலாந்தைக் கால்நடையாகச் சுற்றினார். சத்திரத்துக்குச் சத்திரம் அவமானம். வண்டியில் வராதவன் மனிதனே அல்ல என்ற மாதிரி பார்த்தார்கள். சில இடங்களில் படுக்கவும் இடமில்லை என்றார்கள். 1797 இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சாமர்செட் மலைகளில் ராத்திரி பகல் பாராமல், மடக்கு நாற்காலியும் நோட்டுப் புத்தகமுமாக அலைந்தார்கள். ஓடை எங்கே போய்க் கடலில் சேர்கிறது என்று விசாரித்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சு உளவாளிகளோ என்று பயம். உள்துறை இலாகா நிஜமாகவே வால்ஷ் என்ற ஒரு ஒற்றனை அனுப்பியது. பிற்பாடு கோல்ரிட்ஜ் எழுதியபடி, இவர்கள் தத்துவஞானி ஸ்பினோஸாவைப் பற்றிப் பேசியதை அந்த ஆள், ‘ஸ்பை நோஸி’, அதாவது நீள மூக்குள்ள உளவாளி என்று தன்னைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என எடுத்துக்கொண்டானாம். அதில் கோல்ரிட்ஜ் சேர்த்த மசாலா எவ்வளவோ, ஒற்றன் வந்தது உண்மை. வேலையில்லாத இரண்டு வாலிபர்கள் காரணமில்லாமல் நடக்க முடியும் என்பதை அன்றைய சர்க்காரால் நம்ப முடியவில்லை. இதற்கு நேர் எதிர் 1809 இல் கேப்டன் பார்க்ளே. ஸ்காட்லாந்து நிலப்பிரபு. ஆயிரம் மணி நேரம், மணிக்கு ஒரு மைல் வீதம், ராத்திரி தூக்கத்திலும் எழுந்து ஆயிரம் மைல் நடப்பதாக ஆயிரம் கினி பந்தயம். நியூமார்க்கெட்டில் ஜூன் 1 முதல் ஜூலை 12 வரை நடந்து ஜெயித்தார். ஊரே திரண்டு கைதட்டியது. அதே ராத்திரி இரண்டு மணிக்கு அதே சாலையில் காலணி கிழிந்த ஒரு சிப்பாய் அதே வேகத்தில் நடந்திருந்தால் விடியும்போது மாஜிஸ்திரேட் முன்னால் நின்றிருப்பான்.

பெண்ணுக்கு விஷயம் இன்னும் மோசம். ஸ்ட்ரீட் என்பதையும் வாக்கர் என்பதையும் தனித்தனியே எழுதினால் தெருவும் நடப்பவரும். சேர்த்து எழுதினால் விலைமாது. 1887 ஜூன் மாதம் எலிசபெத் காஸ் என்ற தையற்காரப் பெண் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட்டுக்குச் சாயங்காலம் கடைக்குப் போனபோது, அந்தத் தொழிலுக்காகத் திரிந்ததாகச் சொல்லி ஒரு கான்ஸ்டபிள் கைது செய்தார். மாஜிஸ்திரேட் விடுவித்தார், ஆனால் இனிமேல் ராத்திரி அந்தத் தெருவில் நடக்காதே என்று புத்தி சொல்லி விடுவித்தார். விவகாரம் பார்லிமென்ட் வரை போய், அரசாங்கம் ஓட்டெடுப்பில் தோற்றது. தெரு கடைத்தெரு, போனவள் செய்த ஒரே குற்றம் நடந்தது. வர்ஜீனியா வுல்ஃப் 1927 இல் லண்டனை அந்தி நேரத்தில் சுற்றுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் வீட்டைவிட்டுக் கிளம்பக் காட்டும் சாக்கு ஒரு பென்சில் வாங்க வேண்டும் என்பது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கும் ஒரு பென்சில் தேவைப்பட்டிருக்கிறது. இந்தக் காலத்தில் பென்சிலின் இடத்தை நாய் பிடித்துக்கொண்டுவிட்டது. காலை ஆறு மணிக்கு ஒருவர் தனியாக ஒரு பாழ் மைதானத்தின் ஓரம் நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் ஜன்னல் திரைகள் விலகும். கையில் ஒரு கயிறும் அதன் மறுமுனையில் ஒரு நாயும் இருந்தால் அவர் ஊரில் நல்ல மனிதர். நாய் கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை, கயிறு போதும்.

இந்த இடத்தில் நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, நம் தமிழில் இல்லாத நடையா என்று ஆரம்பிப்பீர்கள். இருக்கிறது. அன்னநடை, தளர்நடை, பீடுநடை என்று கவிகள் வைத்தது ஒரு பக்கம். விறுவிறுவென்று போவது, லொங்கு லொங்கென்று வருவது, ஆடி அசைந்து வருவது, தேமே என்று போவது என்று வீட்டுப் பேச்சில் இருப்பது ஒரு பக்கம். ராஜா வீதியில் பவனி வருவதையும் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் அதைப் பார்த்து மயங்குவதையும் பாட உலா என்று தனிப் பிரபந்தமே வைத்திருந்தோம். எல்லாம் சரி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உடம்பின் அழகையும் களைப்பையும் சொல்கின்றன. சந்தேகத்தை நாம் வினைச்சொல்லில் வைக்கவில்லை, ஆள்மேல் வைத்தோம். பரதேசி, நாடோடி, ஊர்சுற்றி என்று வைதோம். வெளியே போய்வரும் பெண்ணை ஊர் மேய்கிறாள் என்றோம். இதைவிட ஒரு பெரிய காரியமும் செய்தோம்: தெருவையே மூடினோம். 1924 இல் வைக்கத்தில் நடந்த சத்தியாக்கிரகம் கோவிலுக்குள் போகக்கூட அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. பெரியார் அதற்காக ஜெயிலுக்குப் போனார். ஹாரிசன் குடையை விரித்த பிறகுதான் பிடித்தார்கள். நாம் குடையை விரிக்கும்வரை காத்திருந்ததில்லை. வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில், ரேகைச் சட்டம் என்று தெற்கே சொல்வார்களே அதில், பதிவு செய்யப்பட்ட ஜாதிக்காரன் சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போக முடியாது. அதை எதிர்த்தவர்கள்மேல் 1920 இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஆகவே இந்த விஷயத்தில் நாம் மீசையை முறுக்க வேண்டாம்.

மொழியியல்காரர்கள் சொல்லும் ஆட்சேபணைதான் கனமானது. லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க அறிஞர் உலக மொழிகளை இரண்டு ரகமாகப் பார்த்தார். ஆங்கிலம், ஜெர்மன் மாதிரி மொழிகள் எப்படி நகர்ந்தான் என்பதை வினைச்சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடும். உள்ளே, வெளியே, மேலே என்ற திசை ஒட்டுச்சொல்லாகப் பின்னால் வரும். வேறு பல மொழிகள் வந்தான், போனான், ஏறினான் என்று திசையை வினையில் வைத்து, விதத்தைத் தனியாகச் சொல்லும். தமிழில் நொண்டிக்கொண்டு வந்தான், பதுங்கிப் போனான் என்கிறோம். எனவே ஆங்கிலத்தில் நடைச்சொற்கள் குவிந்திருப்பது இலக்கணத்தின் விளைவு, இதில் டியூக்கை ஏன் இழுக்கிறாய் என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். லிம்ப் என்றால் நொண்டுவது, வாடில் என்றால் வாத்துநடை, டாடில் என்றால் குழந்தையின் தத்துநடை. இவற்றில் எந்தச் சதியும் இல்லை. ராணுவக்காரர்கள் மூட்டையோடு நடப்பதைக் கடற்படைத் தரைப்பிரிவு ‘யோம்ப்’ என்றும் பாராசூட் படை ‘டாப்’ என்றும் சொல்வதும், 1982 ஃபாக்லண்ட் சண்டையிலிருந்து இன்றுவரை அதில் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுப்பதும் அவர்கள் வீட்டு விவகாரம். ஆனால் இலக்கணம் காலி அலமாரியைத்தான் கொடுக்கும். அதில் எந்தச் சாமான் வருகிறது என்று அது முடிவு செய்வதில்லை. அமெரிக்காவில் கார் பெருகியபோது, தெருவில் நினைத்த இடத்தில் குறுக்கே நடந்தவனை ஜேவாக்கர் என்றார்கள். ஜே என்றால் பட்டிக்காட்டான். அதுவரை தெரு நடப்பவனுடையது. சொந்தக்காரன் மாறினான், உடனே நடந்தவனுக்கு ஒரு வசைப் பெயர் பிறந்தது, பிறகு அது அபராதமும் ஆயிற்று. கலிஃபோர்னியா 2023 இல்தான் அதைத் தளர்த்தியது. இங்கிலாந்திலும் அதே ஆங்கிலம், அதே இலக்கணம். மோட்டார்வே தவிர எங்கு வேண்டுமானாலும் சாலையைக் கடக்கலாம் என்பதால் அந்தச் சொல்லுக்கு இங்கே சட்டத்தில் வேலையே இல்லை. நியூசிலாந்திலும் அதே ஆங்கிலந்தான்: இங்கே ட்ராம்ப் என்றால் வீடற்றுத் திரிகிறவன், அங்கே ட்ராம்பிங் என்றால் சர்க்கார் காட்டில் முதுகுப் பையோடு மலையேறும் கௌரவமான பொழுதுபோக்கு. தனியார் வேலி இல்லாத இடத்தில் அந்தச் சொல்லின் அழுக்கும் கழன்றுவிட்டது.

இன்னொருவர், எல்லாம் பழங்கதை, இப்போது யாரும் நடப்பவனைச் சந்தேகிப்பதில்லை, ஆளாளுக்குக் கையில் கடிகாரம் கட்டிப் பத்தாயிரம் காலடி எண்ணுகிறார்கள் என்பார். அந்தப் பத்தாயிரம்கூட 1965 இல் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது. நிலைமை மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரிலேயே கறுப்பினத்தவர்கள் சேர்ந்து மாதம் ஒருமுறை மேட்டில் நடக்கும் குழு ஒன்று இருக்கிறது. அதை வைத்து 2018 இல் ‘ப்ளாக் மென் வாக்கிங்’ என்று நாடகமே வந்தது. வெள்ளைக்காரர் நாலு பேர் மலையில் நடப்பதை வைத்து யாரும் நாடகம் எழுதப் போவதில்லை. நம் நிறத்தவர் நடந்தால் அது இன்னும் ஒரு நாடகத்துக்கான விஷயம். 1824 சட்டத்தை ஒழிக்க 2022 இல் பார்லிமென்ட் வழி செய்தது. வழி செய்ததும் உடனே அமலுக்குக் கொண்டுவராமல் வைத்துக்கொண்டார்கள். இருநூறு வயதுச் சட்டத்தைத் திடீரென்று தெருவில் விட்டால் அது எங்கே போய்த் திரியும் என்று கவலைப்பட்டிருக்கலாம்.

தெற்கே டார்ட்மூர் என்ற மேட்டில் நடந்த வழக்கைச் சொல்லி முடிக்கிறேன். 1985 இன் சட்டப்படி அங்கே ‘காலால் நடந்தும் குதிரைமேலும்’ போய்த் திறந்தவெளியில் பொழுதுபோக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஜனங்கள் நடந்து போய், இருட்டியதும் சின்னக் கூடாரம் போட்டுப் படுத்து, காலையில் எழுந்து நடந்தார்கள். அங்கே நிலம் வாங்கிய ஒருவர் ஆட்சேபித்தார். நடந்து போய்ப் பொழுதுபோக்கலாம் சரி, படுத்துத் தூங்குவது காலால் செய்யும் காரியமா? 2023 ஜனவரியில் ஹைகோர்ட் அவர் பக்கம் சாய்ந்தது. ஜூலையில் மேல் கோர்ட் அதை மாற்றியது. விவகாரம் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. கற்றறிந்த நீதிபதிகள் ஐந்து பேர் உட்கார்ந்து (உட்காருவதும் காலால் செய்வதல்ல என்பதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை) ஆராய்ந்து, 2025 மே மாதம் ஒருமனதாகச் சொன்னார்கள்: கால் என்றும் குதிரை என்றும் சட்டம் சொன்னது வண்டியில் வராதே என்பதற்காக, போய்ச் சேர்ந்தபின் கூடாரத்தில் படுப்பதும் பொழுதுபோக்கில் சேர்த்திதான். ஆக டார்ட்மூரில் ஒருவன் நடைப் பயணியாகவே படுத்துக் குறட்டை விடலாம். நிலச் சொந்தக்காரர் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சித்திக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார், எக்ஸ்ரே எடுத்தாயிற்றா என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதவும்.

அன்புடன்,
சேகர்